பா.வ.வி.

எலும்பு பொய் சொல்லாது என்று டாக்டர் பெனினா சொன்ன அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷமாக எலும்புகளின் சார்பில் பொய் எழுதிக் கொடுத்து வருகிறவன் நான்.

உப்போடை அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுவது என் வேலை. பெயர் நயினார். ஊரில் 'கட்டு நயினார்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. என் இடத்துக்கு ஆள் போடவில்லை. அதனால் ஓய்வு பெற்ற மறுநாளும் வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போய்க் கட்டு அறையைத் திறந்தேன். யாரும் கவனிக்கவில்லை. இன்றுவரை கவனிக்கவில்லை.

கட்டுப் போட்டதும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், வயது, எந்தக் கை, எந்த எலும்பு, காரணம். இந்தக் 'காரணம்' என்ற கட்டத்தில்தான் சிக்கல். உப்போடையில் எல்லாருக்கும் ஒரே காரணம்தான்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." பனைமரத்தின் உச்சியிலிருந்து விழுந்தவரும் அதைத்தான் சொல்வார். பந்தலில் மச்சினனோடு கட்டிப் புரண்டவரும் அதைத்தான் சொல்வார். வீட்டில் பாத்ரூமே இல்லாதவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். எழுதி எழுதி என் கையே முறிந்துவிடும்போல இருந்ததால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். பா.வ.வி. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். ஒரு வருஷம் சென்னையிலிருந்து ஒரு குழு வந்து, உப்போடைத் தண்ணீருக்கு வழவழப்பு அதிகமா என்று ஆராய்வதற்காகப் பதினாறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது. முடிவு இன்னும் வரவில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். பக்கவாட்டில் விழுந்தால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு. யாரையாவது ஓங்கிக் குத்தினால் சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பு. மேலே இறங்குகிற அடியை மறிக்க ஒருவர் கையைத் தூக்கினால், முன்னங்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் தனியாக ஒடியும். அது எந்தப் பாத்ரூமிலும் ஒடியாது. அந்த மாதிரிக் கை வரும்போதெல்லாம் ஸ்டாம்பைக் கொஞ்சம் அழுத்தி வைப்பேன். நாற்பது வருஷத்தில் நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் அந்த எந்திரம் வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் மீள்வழிச் சேர்ப்பான். ஊர் வைத்த பெயர் ஜோசியப் பெட்டி. பார்ப்பதற்குக் கரும்பு ஜூஸ் மிஷின் போலவே இருக்கும். ஒரு பக்கம் கையை விட வேண்டும். நாற்பது நிமிஷம் ரீங்காரம். கையை எடுத்தால் எலும்பு கூடியிருக்கும். கட்டு கிடையாது, கையைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிடும் தொட்டில் கிடையாது, ஆறு வாரம் இடது கையால் சாப்பிட வேண்டியது கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. கையை உள்ளே விட்டபின், அது எப்படி முறிந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சை விளக்கு. மாற்றிச் சொன்னால் சிவப்பு, பெட்டி நின்றுவிடும்.

"பொய்யைக் கண்டுபிடிக்குற மிஷினா டாக்டரம்மா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. எலும்பு எந்த வரிசையில உடைஞ்சதோ, அதே வழியில திருப்பி அசைச்சு ஒட்டுது. அதுக்குச் சுத்தி இருக்கிற தசை தளர்ந்து கொடுக்கணும். நடந்ததை நடந்தபடி நினைச்சுச் சொன்னாத்தான் தசை அந்த நொடிக்குத் திரும்பிப் போகும். மாத்திச் சொன்னா இறுகிடும். அவ்வளவுதான். எலும்பு பொய் சொல்லாது."

அப்போதுதான் சிரித்தேன்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"என் ஸ்டாம்பை நினைச்சேன்."

முதல் மாதம் வேடிக்கையாகப் போயிற்று. பனைமரத்துக்காரர் கள் குடித்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தார். சிவப்பு. ஒரு கலயம் என்றார். சிவப்பு. ஆறு கலயம் என்று ஒப்புக்கொண்டதும் பச்சை எரிந்தது. ஏழாவது கலயத்தைப் பெட்டியே பெரிய மனது பண்ணி விட்டுவிட்டதாக நான் நினைக்கிறேன்.

ஆனால் அறையில் நர்ஸ் இருப்பார், வாசலில் நாலு பேர் நிற்பார்கள். சொன்னது அப்படியே ஒரு சீட்டில் அச்சாகிப் பதிவேட்டில் ஒட்டப்படும். இரண்டாம் மாதம் கூட்டம் குறைந்தது. நாற்பது நிமிஷ உண்மையைவிட ஆறு வாரக் கட்டு போதும் என்று பாதி ஊர் என்னிடமே திரும்பி வந்தது. அதிலும் ஒரு வினை. கட்டோடு தெருவில் போனால் எதையோ மறைக்கிறவன் என்று ஆகிவிட்டது. காறை எலும்புக்குக் கட்டுப் போட்டிருந்த ஒரு மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் பார்த்தவுடன் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அவன் மறைத்தது, மாமனார் வீட்டு முருங்கை மரத்தில் பெண்ணை எட்டிப் பார்க்க ஏறியதைத்தான்.

அந்தச் சமயத்தில் ஓர் அக்கா வந்தாள். முன்னங்கை. நடுவில். நான் சொன்னேனே, அந்த எலும்பு. கையை உள்ளே விட்டுவிட்டு, மறு கையால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அவுக வந்தாக. அவுக சோறு ஏன் ஆறிப்போச்சுன்னு கேட்டாக. அவுக சைக்கிள் பம்பைத் தூக்குனாக. நான் கையைத் தூக்குனேன்" என்றாள். பச்சை எரிந்தது. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை; பெட்டியும் கேட்கவில்லை. மனசில் ஓடுகிற படம் சரியாக இருந்தால் அதற்குப் போதும் போலிருக்கிறது. இதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

பங்குனித் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு, காலையில், ஏட்டு சங்கிலி ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் என்றால் இருபத்தாறு வயசு. பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பெயர் கொம்பையா. கோயில் ஒலிபெருக்கி இரண்டு காணாமல் போனதற்குச் சந்தேகத்தின் பேரில் முந்தைய நாள் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

"பய பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் அண்ணாச்சி. ஸ்டாம்பை வச்சு ஒரு கட்டைப் போட்டு விடும்" என்றார் சங்கிலி. அவர் குரலில் ஒரு விறைப்பும் இல்லை. பால் பாக்கெட் வாங்க வந்தவர்போலச் சொன்னார்.

பையனுடைய இடது கையைப் பார்த்தேன். முன்னங்கை. நடுவில்.

"கட்டு வேண்டாம்" என்றான் கொம்பையா. "பொட்டியில போடுங்க."

"ஏம்லே, கட்டுக்கு என்ன?" என்றார் சங்கிலி.

"வியாழக்கிழமை எனக்கு மெடிக்கல் ஏட்டையா. மஸ்கட்ல ஹோட்டல் வேலை. ஏஜெண்டு ரெண்டு வருஷமா இழுத்து இப்பத்தான் கூப்பிட்டிருக்கான். கட்டோட போய் நின்னா அங்கேயே கிழிச்சிருவான். பரோட்டா மாஸ்டருக்கு ரெண்டு கையும் வேணும்லா."

அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் பெனினா பெட்டியைத் திறந்தார். சங்கிலி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் வெளியே இருக்கும்படி கேட்டதற்கு, "முடியாதும்மா. ஸ்டேஷன்ல இருந்து வந்த ஆளு. என் பார்வையிலதான் இருக்கணும்" என்றார். அது அவருக்கு வந்த உத்தரவு.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றான் கொம்பையா.

சிவப்பு.

"சோப்பு கிடந்துச்சு. அதுல வழுக்கி..."

சிவப்பு. மூன்றாம் முறை, பாசி என்றான். பெட்டி அதற்கும் மசியவில்லை. மூன்று சிவப்புக்குமேல் போனால் ஒரு வாரம் அந்தக் கையை அது ஏற்காது என்று டாக்டர் எச்சரித்தார். இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

பஞ்சு எடுக்கிற சாக்கில் நான் பக்கத்தில் போனேன். "தம்பி, நடந்ததைச் சொல்லிரு."

"சொன்னா இன்னொரு கையும் போயிரும் அண்ணாச்சி" என்றான் உதடு அசையாமல். "சாயங்காலம் திரும்ப அங்கதான போகணும்."

நான் அந்த அக்காவை நினைத்தேன். பஞ்சைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்: "மிஷினுக்குப் பேரு ஊரெல்லாம் வேண்டாம். பாத்ரூம்னே சொல்லு. ஆனா பாத்ரூம் என்ன செஞ்சுதோ, அதை அப்படியே சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் பஞ்சைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் பாத்ரூம் என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சுது. ஸ்பீக்கர் எங்கலேன்னு கேட்டுது. தெரியாதுன்னேன். பாத்ரூம் திரும்பி, நாற்காலியில உக்காந்திருந்த பெரிய பாத்ரூமைப் பாத்துது. பெரிய பாத்ரூம் டீயை ஊதிக்கிட்டே தலையை ஆட்டுச்சு. பாத்ரூம் கையை ஓங்குச்சு. நான் இடது கையை இப்படித் தூக்குனேன். பாத்ரூம் வழுக்குச்சு. ஒரு தடவை வழுக்குச்சு. ரெண்டாவது தடவை வழுக்கும்போதுதான் உள்ள டப்புன்னு கேட்டுது."

பச்சை எரிந்தது. ரீங்காரம் தொடங்கியது.

நாற்பது நிமிஷமும் ஏட்டு சங்கிலி அசையவில்லை. அவர் மீசையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, அதையும் விரட்டவில்லை. கடைசியில் சீட்டு வெளியே வந்தது. வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"பாத்ரூம்னுதானே போட்டிருக்கு?" என்றார்.

"பாத்ரூம்னுதான் ஏட்டையா" என்றேன்.

"வேற யாரு பேரும் இல்லையே?"

"ஒரு பேரும் இல்லை."

கையெழுத்துப் போட்டார். நான் ஸ்டாம்பை வைத்தேன். பா.வ.வி. பாத்ரூம் வழுக்கி விழுந்தது. யார்மேல் என்பதுதான் எழுத்தில் இல்லை. அந்த ஸ்டாம்புக்கு இப்படியும் ஒரு விரிவு உண்டு என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

கொம்பையாவைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கி இரண்டும் தர்மகர்த்தா வீட்டு மாடியில் இருந்தன. பேத்தியின் சடங்குக்கு அவரே எடுத்துப் போய் மறந்திருந்தார். வியாழக்கிழமை மெடிக்கலில் கொம்பையா தேறினான். அங்கிருந்த டாக்டர் ஏற்கெனவே முறிந்த கையா என்று கேட்டதற்கு, முறிந்த கையா என்று திருப்பிக் கேட்டானாம். மறு மாதம் விமானம் ஏறிவிட்டான்.

சீட்டு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. நர்ஸ் படித்தார், அவர் தங்கை படித்தாள், பிறகு உப்போடையே படித்தது. மூன்றே நாளில் கட்டு அறை காலி. எல்லாரும் பெட்டிக்கு வந்தார்கள். "எங்க வீட்டுப் பாத்ரூம் குடிச்சிட்டு வந்துச்சு" என்றாள் ஒருத்தி. "தெக்குத் தெரு பாத்ரூமும் நானும் வரப்புத் தகராறுல மோதிக்கிட்டோம்" என்றார் ஒருவர். எல்லாம் பச்சை.

டாக்டர் பெனினாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது, "எல்லாருக்கும் சரியாகிடுது அண்ணாச்சி. ஒருத்தர் மேலயும் புகார் இல்ல" என்றார். "முன்னாடியாவது ஒரு பொண்ணு ஆறு வாரம் கட்டோட நடப்பா. நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. அவ அம்மா கேப்பா. இப்ப நாற்பது நிமிஷத்துல கையை வீசிட்டுப் போயிடுறா. அந்த அக்கா இதோட மூணாவது தடவை வந்துட்டாங்க. நாம நல்லது பண்றோமா?"

"எனக்கு எலும்பு வரைக்கும்தான் தெரியும் டாக்டரம்மா" என்றேன். வழக்கமாக நான் சொல்கிற பொய்களில் அதுதான் மோசமானது. அவர் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் அம்மா வீட்டைத் தேடிப் போனதாகப் பிறகு நர்ஸ் சொன்னார். அக்கா நான்காம் தடவை வரவில்லை.

சித்திரை கடைசியில் ஏட்டு சங்கிலி தனியாக வந்தார். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் முட்டி உள்ளே போயிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி..." என்று ஆரம்பித்தார். சிவப்பு.

"ஏட்டையா, இது குத்துன கை" என்றேன்.

அவர் டாக்டர் இருந்த பக்கம் பார்த்தார். டாக்டர் எதற்கோ வெளியே போனார். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, நல்ல மனுஷி.

"எம் மவ எட்டாப்புப் படிக்கா" என்றார் சங்கிலி. "நேத்து சாப்பிடும்போது கேக்கா, அப்பா, ஒன்ன ஏம்ப்பா பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாத்ரூம்ங்காங்கன்னு. எனக்குச் சோறு எறங்கலை அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில ஸ்டேஷன் பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்துனேன். சுத்திப் பாத்தேன். நாலு வருஷமா அங்க தண்ணி லைன் கிடையாது. தரை காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. தொட்டியில பல்லி குடும்பம் நடத்துது. இதுல எவன்வே வழுக்குவான்? நாலு வருஷமா எத்தனை பேரை இங்க வழுக்கி விழுந்தான்னு நான் எழுதியிருக்கேன்! ஓங்கி ஒரு குத்து. சொவத்துல. குழாய் போற எடத்துல பட்டுது."

பச்சை எரிந்தது.

பதிவேட்டை எடுத்தேன். நடந்தது பாத்ரூமில்தான்; ஆனால் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. ஸ்டாம்பின் மற்ற எழுத்துகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு 'பா.' மட்டும் விழும்படி வைத்தேன்.

"மிச்சம்?" என்றார்.

"மிச்சத்தை எழுதினா அரசாங்கச் சொத்துக்குச் சேதம்னு உங்க மேலயே கேஸ் வரும்."

சங்கிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கியதில் பெட்டி ஒரு முறை முனகியது. "அசையாதீரும்" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கையும் வரவில்லை. பெரிய பாத்ரூம் தலையாட்டினாலும் சின்னப் பாத்ரூம் கையைத் தூக்குவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். சங்கிலிக்கு இரண்டு மெமோ வந்ததும் உண்மை.

புரட்டாசியில் நகராட்சிக்கு என்ன தோன்றியதோ, ஸ்டேஷனுக்குத் தண்ணீர் லைனைத் திரும்பக் கொடுத்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ராஜமார்த்தாண்டம், ஊர் வாயில் பெரிய பாத்ரூம், இறங்கினார். அவரைத் தோளோடு தாங்கிப் பிடித்திருந்தவர் ஏட்டு சங்கிலி. இன்ஸ்பெக்டரின் வலது மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல வளைந்திருந்தது. புறநோயாளிகள் வரிசை முழுவதும் எழுந்து பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டது.

கையை உள்ளே விட்டார். தொண்டையைச் செருமினார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எந்தப் பாத்ரூம் சார்?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது.

பச்சை எரிந்தது. உடனே, முதல் தடவையே.

சிரிப்பு நின்றது. பிறகு முணுமுணுப்பு. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும் என்றார்கள். பனைமரத்துக்காரர், "நான் கள்ளு குடிச்சதை மறைச்சதுக்குச் செவப்பு அடிச்சுது, அவருக்குப் பச்சையா?" என்று உரக்கவே கேட்டுவிட்டார்.

"நெசமாத்தான்யா!" என்றார் இன்ஸ்பெக்டர். "சொவத்துக்குள்ள குழாய் கீறியிருந்திருக்கு. ராத்திரி பூரா கசிஞ்சு தரை எல்லாம் தண்ணி. கால் வச்சேன், போயிட்டேன்."

"சரிங்க சார்" என்றார் நர்ஸ், மற்றவர்களிடம் சொல்லும் அதே குரலில்.

"டாக்டர், நீங்களாவது..."

"அசையாம இருங்க சார்" என்றார் பெனினா.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏட்டு சங்கிலி மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் தன் வலது கைச் சுண்டுவிரல் முட்டியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இன்ஸ்பெக்டரின் பார்வை என்னிடம் வந்தது. "அண்ணாச்சி, நீராவது நம்புதீரா?"

"கையைப் பாத்தாலே தெரியுதே சார். ஊனி விழுந்த கை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வலியால் என்று வைத்துக்கொள்ளலாம்.

சீட்டை ஒட்டினேன். பதிவேட்டில் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மேசை டிராயரிலிருந்து ஸ்டாம்பை எடுத்தேன். மை அட்டை காய்ந்துபோயிருந்ததால் இரண்டு சொட்டு சலைன் விட்டுத் தேய்த்தேன்.

"நல்லா அழுத்தி வையும் அண்ணாச்சி" என்றார் இன்ஸ்பெக்டர். "பின்னால யாரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாது."

"இதுக்கு அழுத்தத் தேவையில்லை சார்" என்று லேசாகத் தொட்டு எடுத்தேன்.